முன் சீற்றில் மழை

வேரோனிக்கா, "ஓம், வலப்பக்கம் எடுக்கிறன்," என்று சொன்னபோது ஜூலியனின் வாய் நிறைய மாலுபாண் இருந்தது.

மீனும் உருளைக்கிழங்கும் அடைத்த பாணை வாய்க்குள் வைத்திருப்பவனால் வலம் என்றோ இடம் என்றோ சொல்ல முடியாது. அவன் சொல்லவும் இல்லை. மெல்லுவதை நிறுத்திவிட்டு, மேசைமேல் ஸ்பீக்கரில் கிடந்த கைத்தொலைபேசியைப் பார்த்தான். அதற்குள்ளிருந்து காரின் சிக்னல் டிக் டிக் என்று கேட்டது. பிறகு டயரின் கீழ் சரளைக்கல் நொறுங்கியது. லப்ரொப் திரையில் அவளுடைய கார் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் பொட்டு, அவன் ஒருபோதும் சொல்லியிராத ஒரு பண்ணை வீதிக்குள் திரும்பிக் கிழக்கே ஊர்ந்துகொண்டிருந்தது.

"இஞ்சாரும், ஆர் உம்மை வலப்பக்கம் எடுக்கச் சொன்னது?"

"நீங்கள்தானே."

"நான் சாப்பிட்டுக்கொண்டெல்லோ இருக்கிறன்."

"வாய்க்கை வைச்சுக்கொண்டு கதைச்சா அப்பிடித்தான். கொளகொளவெண்டு கேட்டுது. ஆனா விளங்கினது."

இருக்கலாம் என்று விட்டுவிட்டான். தனக்குத்தானே முணுமுணுக்கிற பழக்கம் அவனுக்கு உண்டு. ஸ்காபரோவில் பயணப்பெட்டிக் கடை வைத்திருக்கிறவன். வாடிக்கையாளர் கேட்கிற விலையைத் தனக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வெளியில் தலையாட்டுவான். ஒருவர் பெட்டியின் சிப்பைத் திறந்து மூடுகிற விதத்தை வைத்தே, இவர் வாங்க வந்தவரா, வெக்கைக்கு ஏசிக்குள் நிற்க வந்தவரா என்று சொல்லிவிடக்கூடிய கண் அவனுக்கு. அந்தக் கண்ணுக்கு அன்றைய வானம் இரண்டாவது ரகம்.

காலையில் என்னவோ பெரிய வியாபாரம் நடக்கப்போவதுபோலத்தான் தொடங்கியது. உடம்பில் ஒட்டுகிற புழுக்கம், தெற்கிலிருந்து ஈரக்காற்று, மேலே வேகமான மேல்காற்று என்று ஒரு சூப்பர்செல்லுக்கு வேண்டிய சாமான் எல்லாம் வந்து இறங்கியிருந்தது. சூப்பர்செல் என்றால் உடம்பு முழுவதும் சுழலுகிற இடிமுகில். அதன் வயிற்றிலிருந்துதான் ரோர்னாடோ இறங்கும். ஆனால் மத்தியானம் முழுவதும் முகில்கள் கோலிபிளவரைப்போலப் பூத்துப் பூத்து, மேலே மூடிபோட்டதுபோல இருந்த சூட்டுக் காற்றில் தலையை இடித்துக்கொண்டு, பால் திரிந்த மாதிரிக் கலைந்துபோயின. வானம் சரக்கைக் காட்டியது, கையில் எடுத்துப் பார்க்கவும் விட்டது. விலை மட்டும் சொல்லவில்லை.

ஆறு கோடைகளாக இருவரும் ஒன்றாகத்தான் புயல் துரத்தினார்கள். வேரோனிக்கா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பத்து மாதம் நாற்பது பிள்ளைகளின் கூச்சலைக் காதுக்குப் பின்னால் வைத்து ஓட்டிய பிறகு, தனக்கு முன்னால் எதுவும் இல்லாத பெரிய வானம் ஒன்று வேண்டும் என்பாள். அவள் ஸ்ரியரிங்கில், பக்கத்துச் சீற்றில் றேடார்ப் படத்தோடு ஜூலியன். போன மாதம் கடையில் ஏணியிலிருந்து விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டதிலிருந்து அவன் ஆறாம் மாடி வீட்டில், கதிரையில் தூக்கிவைத்த மாக்கட்டுக் காலோடு, லப்ரொப்பைப் பார்த்துத் தொலைபேசியில் வழி சொல்கிறான். முன் சீற் காலி.

வழி சொல்வதற்கு அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. அவன் சொல்ல வேண்டும். அவள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன கையோடு செய்ய வேண்டும். ஏன் எதற்கு என்ற கேள்வி இல்லை. மூன்று வருடத்துக்கு முதல் லின்ட்சேக்குப் பக்கத்துச் சந்தி ஒன்றில் இடமா வலமா என்று இருவரும் வாய்த்தர்க்கப்பட்டுக்கொண்டிருக்க, கோழிமுட்டை அளவில் கல்மழை விழுந்து முன்கண்ணாடியை உடைத்துவிட்டுப் போன பிறகு வந்த சட்டம் அது. மற்ற எல்லாவற்றிலும் அவர்கள் பேரம் பேசுவார்கள். ஆர் குப்பை கொண்டுபோவது, ஆர் பூசைக்குப் பிந்தியது என்று கலியாண நாளிலிருந்து இழுபறிதான். றோட்டில் மட்டும் பேரம் இல்லை.

வீட்டுத் தொலைபேசி அடித்தது. மரியோ. அவர்களைப்போலப் புயல் துரத்துகிற கூட்டாளி, கூரை வேலை செய்கிறவன். கல்மழை விழுந்தால் அடுத்த இரண்டு மாதத்துக்கு அவனுக்கு ஓய்வில்லை. புயல் துரத்துவதை மற்றவர்கள் பொழுதுபோக்கு என்பார்கள், அவன் சந்தை ஆய்வு என்பான்.

"அண்ணை, நான் கடையைப் பூட்டிறன். இண்டைக்கு உது வாற சரக்கில்லை."

"எங்கை நிக்கிறாய்?"

"ஸ்ரௌவ்வில்லிலை, கோப்பிக் கடையிலை. ஒரு முகில் வந்தது அண்ணை, பாக்க நல்ல வடிவு. அஞ்சு நிமிசத்திலை ஆளைக் காணேல்லை. பொம்பிளை பாக்கப் போய் ரோல்ஸ் திண்டிட்டு வந்த மாதிரிக் கிடக்கு."

"வேரோனியையும் திரும்பச் சொல்லத்தான் போறன்."

"சொல்லுங்கோ, சொல்லுங்கோ. வீட்டிலை உங்கடை சொல்லு எடுபடாது. றோட்டிலையாவது ராசாவா இருந்திட்டுப் போங்கோ."

சிரித்துக்கொண்டே வீட்டுத் தொலைபேசியை வைத்தான். பக்கத்து வீட்டில் மீன் பொரித்தார்கள்; வாசம் கதவின் அடியால் வந்து அறை முழுவதும் எண்ணெயாகப் படிந்தது. மாக்கட்டுக்குள் அரித்தது; அகப்பைக் காம்பை உள்ளே விட்டுச் சொறிந்தான். வெளியே பின்னேர வெயில் மஞ்சளாக, மொத்தமாக, எல்லா மாடிகளிலும் ஒரேயளவாக அடித்துக்கொண்டிருந்தது. கைத்தொலைபேசியை நோக்கிக் குனிந்தான்.

"வேரோனி, காணும். இனி ஒண்டும் வராது. அடுத்த சந்தியிலை வலப்பக்கம் எடுத்துத் தெற்காலை வீட்டை வாரும்."

பதில் வரவில்லை. அதற்குப் பதிலாக மழை கேட்டது.

தொலைபேசிக்குள், அவளுடைய காருக்குள், மிகக் கிட்டத்தில் மழை பெய்தது. தகரத்தில் கொட்டுகிற மழை அல்ல, இலைமேல் விழுகிற மழையும் அல்ல. ஒரு வசனத்தின் நீளத்துக்கு மட்டும் பெய்து, நடுவில் ஓரிடத்தில் மூச்சு வாங்குவதுபோலத் தளர்ந்து, நுனியில் சற்று அழுத்தி, சட்டென்று நின்றுபோன மழை.

"ஓம்," என்றாள் வேரோனிக்கா. "நேராப் போறன்."

"நேராயில்லை. வலப்பக்கம். உங்கை மழை பெய்யுதே?"

"மழையோ? வெயில் பல்லைக் காட்டுது. என்னப்பா, இப்பதானே கேட்டனீங்கள், சொன்னன்."

அவன் கேட்கவில்லை. திரையைப் பார்த்தான். ஒன்ராறியோ முழுவதும் துடைத்த கோப்பைபோல வெறுமையாக இருந்தது. நீலப் பொட்டுக்குக் கிழக்கே மட்டும் ஒரு சிவப்புத் துணுக்கு. பாண் தூள் என்று நினைத்துச் சேட்டு நுனியால் துடைத்தான். போகவில்லை. அடுத்த படம் வந்தபோது அந்தத் துணுக்கு மேற்கே நகர்ந்திருந்தது. அன்று காற்று முழுவதும் மேற்கிலிருந்து கிழக்கே. வேகமான காற்று. அதற்கு எதிராக, ஆற்றில் எதிர்நீச்சல் போடுகிற பாம்பைப்போல, அது வேரோனிக்காவை நோக்கி வந்துகொண்டிருந்தது. பெருப்பித்துப் பார்த்தான். நுனியில் ஒரு கொளுக்கி. சூப்பர்செல் சுழலும்போது றேடாரில் விழுகிற அதே கொளுக்கி. சதை, எலும்பு, வால் எல்லாம் பொருத்தமாக, அளவு மட்டும் ஒரு வீட்டு முற்றத்தை விடச் சின்னது. அவ்வளவு சின்னதை அந்த றேடார் காணாது. அப்படிக் காண்பதற்கு அதைக் கட்டவே இல்லை.

"வேரோனி. காரை நிப்பாட்டும். உடனை நிப்பாட்டும்."

மழை. ஒரு வசனம் அளவு.

"ஓம், இடப்பக்கம் எடுத்து இறங்கிறன். சோளக் காணிக்குப் பக்கத்தாலை."

ஜூலியன் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். பரீட்சை செய்து பார்க்கத்தான். பயமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டான். கைத்தொலைபேசியின் மைக்கையும் நிறுத்தினான். குளிர்சாதனப் பெட்டி முனகியது. விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கிரீச்சிட்டது. உள்ளங்கைக்குள் அவனுடைய மூச்சு மீன் மணத்தது. மழை பெய்தது. இந்த முறை நீளமாக, இடையிடையே தணிந்து, ஓரிடத்தில் கனைப்பதுபோல, ஒரு பகிடி சொல்கிறவனின் இழுவையோடு. அந்த இழுவை அவனுக்குத் தெரியும். கடையில் அவன் விலை சொல்கிற இழுவை அது.

வேரோனிக்கா சிரித்தாள். "சும்மா இருங்கோ," என்றாள்.

மைக்கைத் திறந்துவிட்டுக் கத்தினான். "வேரோனி! அது நானில்லை. நான் இன்னும் வாய் திறக்கேல்லை. நீர் ஆரோடை கதைக்கிறீர்?"

மறுமுனையில் அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். காலையிலிருந்து அவள் இழுக்காத, சந்தோசமான மூச்சு.

"இஞ்சாருங்கோ, இடி. தூரத்திலை. கேட்டதே?"

"வேரோனி!"

"பாருங்கோ, இன்னொண்டு. ஒரு முகிலைக் காணேல்லை, ஆனா முழங்குது. நல்ல காலம் நீங்கள் திரும்பச் சொல்லேல்லை."

பேசினால் இடி. பேசாவிட்டால் மழை. எழுந்து, ஊன்றுகோலைத் தேடி, அது கைக்கு எட்டாமல் விழுந்து உருண்டு, ஒற்றைக் காலில் மேசையைப் பிடித்துக்கொண்டு வீட்டுத் தொலைபேசியில் அவளுடைய இலக்கத்தை அழுத்தினான். அவள் வேறொரு அழைப்பில் இருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது. கைத்தொலைபேசியை வெட்டிவிட்டுப் புதிதாக எடுக்கலாம். விரல் சிவப்புப் பொத்தான் வரைக்கும் போனது. வெட்டினால் அவளைக் கேட்கவும் முடியாது. அந்த ஒரு நூல்தான் மிச்சம். விரலை எடுத்துவிட்டான்.

மரியோவுக்கு எடுத்தான்.

"மரியோ, அக்கா நிக்கிற இடத்துக்கு உடனை போ. அவவைக் காரை விட்டு இறக்கு. கையைப் பிடிச்சு இறக்கு."

"ஏன் அண்ணை, ஏதும் அக்சிடென்ரே?"

"கேள்வி கேளாமல் போவன்ரா."

இடத்தைச் சொன்னான். மரியோவின் வான் வண்டி உறுமியது. ஸ்ரௌவ்வில்லிலிருந்து அது பெரிய தூரமில்லை. கூரை வேலைக்காரன் மெதுவாக ஓட்டுகிறவனும் இல்லை. ஜூலியன் சுவரில் இருந்த அந்தோனியார் படத்தைப் பார்த்தான். ஒரு பெட்டி மெழுகுதிரி என்று தொடங்கினான். பிறகு வருகிற செவ்வாய் எல்லாம் என்றான். பிறகு புயல் துரத்துவதையே விட்டுவிடுகிறோம் என்றான். கேட்காமலே விலையை ஏற்றிக்கொண்டு போகிறவனை எதிராளி எப்படிப் பார்ப்பானோ, அப்படி அந்தோனியார் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொலைபேசிக்குள் கார் நின்றது.

மழை.

"ஓம், எஞ்சினை நிப்பாட்டிறன்."

மழை.

"ஓம், அந்தப் பக்கக் கதவின்ரை பூட்டை எடுத்துவிடுறன்."

"எடுக்காதேயும்," என்றான் ஜூலியன். கிசுகிசுப்பாக. கத்தினால் அவளுக்கு இடி என்று தெரிந்து கிசுகிசுத்தான். கெஞ்சினான். "எடுக்காதேயும், என்ரை ராசாத்தி. எடுக்காதேயும்."

"காத்தும் இழுக்குது," என்றாள் அவள், அதிசயப்பட்டு.

பூட்டு விடுபடுகிற சத்தம். கதவு திறந்தது. வெளியே சோளத் தாள்கள் ஒன்றோடொன்று உரசின, வெட்டுக்கிளிகள் கத்தின, எங்கோ ஒரு உழவு இயந்திரம் சாவகாசமாக ஓடியது. சாதாரணமான, காய்ந்த, வெயில் காய்கிற ஒரு பின்னேரத்தின் சத்தங்கள். அவற்றுக்கு நடுவால் மழை கிட்ட வந்தது. நடந்து வந்தது. ஒரு அடி பலமாகவும் அடுத்த அடி இழுத்துக்கொண்டும், கால் உடைந்தவன் வருகிற மாதிரி. பிறகு சீற்றின் சுருள் முனகியது. கதவு அடிபட்டது.

டிங். டிங். டிங்.

முன் சீற்றில் ஆள் இருந்து பெல்ட் போடாவிட்டால் அந்தக் கார் எழுப்புகிற சத்தம். காலிச் சீற்றுக்கு அது அடிக்காது. பாரம் வேண்டும்.

"பெல்ட்டைப் போடுங்கோ," என்றாள் வேரோனிக்கா. பள்ளிக்கூட பஸ்ஸின் குரல். "சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நோகுது. பொறுங்கோ, நான் போட்டுவிடுறன். ஐயோ, இப்பிடி நனைஞ்சுபோய்."

கிளிக்.

டிங் நின்றது.

ஜூலியன் கதிரையில் இருந்தான். எப்போது வந்து அமர்ந்தான் என்று தெரியவில்லை. திரையில் சிவப்புத் துணுக்கும் நீலப் பொட்டும் ஒரே இடத்தில் இருந்தன. ஒன்றின் மேல் ஒன்று.

வீட்டுத் தொலைபேசியில் மரியோ வந்தான். அவனுடைய குரலில் கோபமும் சிரிப்பும் பாதிப் பாதி.

"அண்ணை, உது உங்களுக்கே நல்லா இருக்கே?"

"அக்கா எங்கை?"

"எங்கையோ? எதிராலை வந்தா. முன் சீற்றிலை ஆர் எண்டு பாத்தா, நீங்கள். எனக்குக் கையும் காட்டினீங்கள். என்னைப் பேய்க்காட்டிறதுக்கு இவ்வளவு பெற்றோல் எரிக்க வேணுமே?"

"மரியோ. நான் வீட்டை நிக்கிறன். வீட்டு நம்பரிலையெல்லோ உன்னோடை கதைக்கிறன். அது நானில்லை."

"ஓமோம். வீட்டு நம்பரைக் கைபோனுக்கு மாத்திவிடத் தெரியாத ஆளே நீங்கள்? உங்கடை மூக்கு எனக்குத் தெரியாதே?"

"நல்லாப் பாத்தியா? முகத்தைப் பாத்தியா?"

"உங்கடை பக்கத்துக் கண்ணாடி உள்ளுக்காலை தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. சரியாத் தெரியேல்லை. ஏசியைக் கூட்டச் சொல்லுங்கோ அக்காவை. ரெண்டு பேரும் பகிடி விட்டுக் களைச்சுப்போனா எனக்கு எடுங்கோ, நான் வீட்டை போறன்."

"மரியோ, வைக்காதை."

வைத்துவிட்டான். திரும்ப எடுத்தபோது அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. மரியோவைக் குறை சொல்ல முடியாது. ஜூலியன் பகிடி விடுகிறவன்தான். போன வருடம் இதே மரியோவை, உன் கூரையில் ஓட்டை என்று எடுத்து ஏணியில் ஏற்றியவன்.

அதன் பிறகு நடந்தவை எல்லாம் ஒழுங்காக நடந்தன. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மழை பெய்யும். ஓம், இடப்பக்கம் எடுத்துத் தெற்காலை வாறன் என்பாள். மழை பெய்யும். ஓம், மார்க்கம் றோட்டிலை ஏறிறன் என்பாள். ஒவ்வொன்றும் சரியான திருப்பம். அவனே சொல்லியிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பான். பின்னேரத்திலிருந்து அவன் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தபடியே நீலப் பொட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பொலிசுக்கு எடுக்க வீட்டுத் தொலைபேசியைத் தூக்கினான், என்ன சொல்வது? என் மனைவி, எங்கள் காரில், வேக எல்லைக்குள், வழி தவறாமல், என்னோடு வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறாள், உடனே தடுங்கள் என்றா? இலக்கத்தை அழுத்தாமலே அதைத் திரும்ப வைத்தான்.

சந்திகளுக்கு நடுவில் அவர்கள் கதைத்தார்கள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான்; வேறு என்ன செய்வது. பஸ்ஸில் ஒரு பிள்ளை தன்னை அம்மா என்று தவறிக் கூப்பிட்டதை வேரோனிக்கா சொன்னாள். அவனுக்கு அவள் அதைச் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கியிருப்பாள், அவன் கடைக் கணக்கு என்று கையைக் காட்டியிருப்பான். மழை மெதுவாக, பொறுமையாக, பெய்யாமலே பெய்தது. கேட்கிறவனின் மழை. அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு சிரித்தாள், தொண்டையின் அடியிலிருந்து, வருடக்கணக்காக இந்த வீட்டில் கேட்டிராத சிரிப்பு. வாடிக்கையாளர் ஒருவர் தன் கடையை விட்டுப் பக்கத்துக் கடைக்குள் போய், அங்கே ஒரு நல்ல சாமானைக் கையில் எடுத்துவிட்ட நேரத்தில் எழுகிற சத்தத்தை ஜூலியன் அறிவான். வாங்கிவிட்டாள். விலை கூடக் கேட்கவில்லை.

ஸ்காபரோவின் வடக்கு எல்லையான ஸ்ரீல்ஸ் வீதியைக் கடந்தார்கள்.

அவன் நிலத்தில் கிடந்த ஊன்றுகோலை எட்டி எடுத்து, எழுந்துபோய்க் கதவுச் சங்கிலியைப் போட்டான். அவள் தனியாக வந்தால்? சங்கிலியை எடுத்தான். எடுத்த கையோடு திரும்பவும் போட்டான். தன் வீட்டுக் கதவை யாருக்கு எதிராகப் பூட்டுகிறான் என்று அவனுக்கே பிடிபடவில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான். பொரியல் முடிந்து எங்கோ போய்விட்டார்கள். படியால் இறங்க ஆறு மாடி; ஒற்றைக் கால். லிப்ட் வரும், ஆனால் அவன் இறங்குகிறபோது அவர்கள் ஏறிவிட்டால்? அவள் அதோடு அந்தச் சின்னப் பெட்டிக்குள், கதவு மூடி?

ஒரு வழிதான் தோன்றியது. தொலைபேசிக்குள்ளால் போகிற குரல்தான் மாறுகிறது. நேரே, காற்றில், தொண்டையிலிருந்து அவளுடைய காதுக்குப் போனால் மாறாது. மாற வழியில்லை. பல்கனியில் நின்று கூப்பிட்டால் கேட்கும். அவள் நிமிர்ந்து பார்த்தால் போதும். பார்த்தால் இங்கே அவன் நிற்பான். பக்கத்தில் நிற்பது வேறு. இவ்வளவு சின்ன விசயம். ஒரு பார்வை.

கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, ஊன்றுகோலால் கண்ணாடிக் கதவை நெம்பி, பல்கனிக்கு வந்தான். வானம் துப்பரவாக இருந்தது. மேற்கே வெயில் இன்னும் விழவில்லை. கீழே பார்க்கிங்கில் கார்களின் கூரைகள் மினுங்கின, இரண்டு பொடியள் பந்தடித்தார்கள், ஒருவர் மரக்கறிப் பைகளை இறக்கினார். காற்று இல்லை. ஒரு துளி இல்லை.

கார் வந்தது. வெள்ளைக் கோட்டுக்குள், நேராக, பின்பக்கமாக எடுத்து, எப்போதும்போல ஒரே தடவையில் நிறுத்தினாள். பந்தடித்த பொடியள் இருவரும் ஏனோ விளையாட்டை நிறுத்திவிட்டுக் கைகளைத் தேய்த்துக்கொண்டார்கள், குளிர்கிறவர்கள்போல.

வேரோனிக்கா இறங்கினாள். சுற்றி வந்தாள். மற்றப் பக்கக் கதவைத் திறந்தாள். காருக்குள்ளிருந்து தண்ணீர் கொட்டியது. வாளியைக் கவிழ்த்ததுபோல, பழுப்பாக, சோளத் தாள்களோடு. அவள் அதைப் பார்க்கவில்லை. குனிந்து, கால் உடைந்த புருசனுக்குத் தோள் கொடுக்கிற மாதிரித் தோளைக் கொடுத்தாள்.

அது எழுந்து நின்றது.

அவனுடைய உயரம். அவனுடைய முன்வழுக்கை, இடப்பக்கம் சரிந்த தோள், பொம்மிய வயிறு. வெளிக்கோடு முழுவதும் அவன். கோட்டுக்குள் அவன் இல்லை. கோட்டுக்குள் இருட்டு, சுழலுகிற இருட்டு, நெஞ்சு இருக்கிற இடத்தில் ஒரு மின்னல் சத்தமில்லாமல் ஓடி இடுப்புக்கு இறங்கியது.

"வேரோனி!"

உடம்பில் இருந்த அத்தனை பலத்தோடும் கத்தினான். ஊன்றுகோல் கைநழுவிக் கீழே போனது. "வேரோனி, இஞ்சை பாரும்! நான் இஞ்சை! மேலை பாரும்!"

பொடியள் இருவரும் காதைப் பொத்தினார்கள். மரக்கறிக்காரர் வானத்தைப் பார்த்தார்.

வேரோனிக்காவும் நிமிர்ந்தாள். கையைக் கண்ணுக்கு மேல் குடைபோல வைத்து, ஒவ்வொரு மாடியாக ஏறி, ஆறாம் மாடிக்கு வந்து, அவனைப் பார்த்தாள். அவனைத்தான். கண்ணோடு கண். அவளுடைய முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்லக் கழன்றது.

அவனுடைய கையில் இருந்த தொலைபேசி அவளுடைய குரலில் கேட்டது.

"இஞ்சாருங்கோ. எங்கடை பல்கனியிலை ஆர் நிக்கிறது?"

மழை. கொஞ்ச நேரம். தணிந்து, அன்பாக.

"ஓம்," என்றாள் அவள். குரல் நடுங்கியது. "ஓம், நான் பாக்கேல்லை. நீங்கள் சொல்லுமட்டும் பாக்கமாட்டன்."

தலையைக் குனிந்துகொண்டாள். அதன் இடுப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இருவரும் வாசலை நோக்கி, ஒரு அடி பலமாகவும் ஒரு அடி இழுத்துக்கொண்டும் நடந்தார்கள். வாசல் கூரைக்குள் போவதற்கு முதல் ஒரு கணம் நின்றார்கள். அவள் நிமிரவில்லை.

அது நிமிர்ந்தது.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் மழை பெய்துகொண்டிருந்தது.